ஆவணியில் பதிவான ஏசல்

ஏசல் பாட்டுக்கு முனைவர் பட்டம் வாங்கியவன் நான். இதை வெளியே சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம், "வையறதுக்கெல்லாமா டாக்டர் பட்டம் குடுக்கறாங்க?" என்று கேள்வி வரும். கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் சொந்தத் தாய்மாமனே ஆரணி பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நடுவில் அதைத்தான் கேட்டார். கல்யாணத்தில் நலுங்கு வைக்கும்போது பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடுவார்கள் அல்லவா, அதுதான் ஏசல். மாப்பிள்ளையின் மூக்கு, மாமியாரின் நடை, மாமனாரின் கஞ்சத்தனம் எல்லாம் அதில் சந்திக்கு வரும். பாடி முடித்ததும் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள். எழுபதுகளின் கடைசியில், இந்தப் பாட்டுகளைச் சேகரித்து ஆய்வேடு எழுதுகிறேன் என்று சென்னையில் ஒரு பேராசிரியரிடம் பதிவு செய்துகொண்டேன்.

என் நெறியாளர் நல்ல மனிதர்தான். ஆனால் 'தரவு' என்ற சொல்லின் மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். தரவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி சொல்வார். ஒரு பாட்டுக்கு ஓர் அட்டை. அதில் பாடியவர் வயது, ஊர், நாள், கடைசியில் சூழல். உண்மையான கல்யாணத்தில் பாடும்போது பதிவு செய்தால் இயல்பான சூழல். நாமாகப் போய்க் கேட்டுப் பாட வைத்தால் செயற்கைச் சூழல். முன்னதற்கு மரியாதை அதிகம். பின்னதற்கு, போனால் போகிறது என்று ஒரு மூலையில் இடம். "நீ சுவரோட சுவரா நிக்கணும். நீ அங்க இருக்கறதே அவங்களுக்குத் தெரியக் கூடாது" என்று சொல்லித்தான் துறையின் டேப் ரிக்கார்டரை என்னிடம் ஒப்படைத்தார். ஆறு பாட்டரி போட்டால் கைக்குழந்தை கனம் கனக்கும் அந்தப் பெட்டியோடு சுவரோடு சுவராக எப்படி நிற்பது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

தையிலும் மாசியிலும் ஆரணியைச் சுற்றி நான் போகாத கல்யாணம் இல்லை. அழைப்பு இல்லாமலே போவேன். பெட்டியைக் கண்டதும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு வீட்டில் என்னை வருமான வரிக்காரன் என்று நினைத்து மரியாதையாகச் சோறு போட்டு ஜல்தியாக அனுப்பி வைத்தார்கள். இன்னொரு வீட்டில் ஒலிபெருக்கிக்காரன் சினிமாப் பாட்டை நிறுத்தவே இல்லை. இரண்டு மாதத்தின் முடிவில் என் கையில் இருந்தது ஒலிபெருக்கி இரைச்சல், குழந்தை அழுகை, யாரோ ஒருவர் சாம்பார் வாளியைக் கீழே போட்ட சத்தம். தரவு என்று சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

போன இடத்தில் எல்லாம் ஒரு பெண்மணியைச் சொன்னார்கள். தெள்ளாரிலிருந்து சந்தவாசல் வரைக்கும் ஏசலுக்கென்று வண்டி வைத்து அழைத்துப் போவார்களாம். விசாரித்தால் எங்கள் ஊர்தான், எங்கள் ஆட்கள்தான். ஆற்றுக்குப் போகிற தெருவில் வீடு. புருஷன் இன்னொருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்கிறவர். அந்த அம்மாள் வீட்டில் ராட்டையில் தார் சுற்றுவார். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல்கண்டுக்குத் தார் என்று பேர். நான் போனபோது ராட்டையை நிறுத்தாமலே என்னை உட்காரச் சொன்னார்.

"பாட்டு இன்னா தம்பி, வாயிலதான் கீது. யாரப் பாத்து ஏசறது, அத்தச் சொல்லு."

"யாரையும் பார்க்க வேண்டாம்மா. சும்மா பாடுங்க, நான் பதிவு பண்ணிக்கறேன்."

"செவுத்தப் பாத்து ஏசினா பைத்தியம்னு சொல்வாங்க. ஏசறதுன்னா எதுருல சம்பந்தி ஒக்காந்திருக்கணும். சம்பந்தி இல்லாத ஆள ஏசினா அது ஏசல் இல்ல, வெறும் சண்ட."

இந்த மூன்று வாக்கியத்தை மட்டும் அன்றைக்கு ஒழுங்காக எழுதிக்கொண்டு அதன் பொருளை யோசித்திருந்தால் என் ஆய்வும் தேறியிருக்கும், நானும் தேறியிருப்பேன். நான் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கெஞ்சிப் பார்த்ததில் பாட மாட்டேன், வேண்டுமானால் வார்த்தையைச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தார். ரேஷன் கடையில் சாமான் பேர் சொல்வது போல ராகம் இல்லாமல் மடமடவென்று சொன்னார். என் பேனா பின்தங்கியது. ராட்டைக்கு அந்தப் பக்கம் நூல் பிரித்துக்கொண்டிருந்த அவருடைய மகள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, "குடுங்க இப்டி" என்று நோட்டை வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது இருபது வயது இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கையெழுத்து கொஞ்சம் சாய்ந்து, ஆனால் ஒரு எழுத்து இன்னொன்றின் மேல் விழாமல் இருக்கும். ஏசலில் பச்சையான சொற்கள் நிறைய வரும். அந்த இடம் வந்ததும் எழுதாமல் இடம் விட்டுவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளுவாள். "இத்த நீங்களே எழுதிக்கோங்க." அவளுடைய அம்மா வேண்டுமென்றே அந்தச் சொல்லை இன்னும் உரக்கச் சொல்வார். நான் காது சிவக்க எழுதுவேன். அவள் நூல் பக்கம் திரும்பிக்கொள்வாள், ஆனால் தோள் குலுங்குவது தெரியும்.

செவ்வாயும் சனியும் பிற்பகலில் போவது வழக்கமாயிற்று. போகும்போது அட்டைக்கட்டு, மசிப்புட்டி, அரைக் கிலோ வேர்க்கடலை. தெரு முழுக்கத் தறிச் சத்தம் இருக்கும். பேச வேண்டுமானால் கொஞ்சம் குனிந்து பேச வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடனை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, அதனால் இன்னொரு முறையும் எழுதிவிடுகிறேன்: எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. அவள் கடலைத் தோலை ஊதிவிட்டு ஒரு கேள்வி கேட்பாள், அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அடுத்த செவ்வாய் வரைக்கும் நான் திரிவேன்.

ஒரு சனிக்கிழமை கேட்டாள்: "எல்லாப் பாட்டுலயும் பொண்ணு செவப்பு, மாப்ள கறுப்புன்னே வருதே. நான் கறுப்புதான. எனக்குக் கல்யாணம்னா எங்கம்மா இன்னான்னு பாடும்?"

அவளுடைய அம்மா, "உனக்கு வர்றவன் உன்னவிடக் கறுப்பா வருவான், நீ வாய மூடு" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி லேசுப்பட்டதில்லை. பாட்டில் வரும் பெண்ணுக்கும் மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் நடுவில் உள்ள தூரம் என்று என் ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் அதைப் பற்றித்தான். தேர்வாளர்கள் அந்த இயலைத்தான் புகழ்ந்தார்கள். அது யார் கேட்ட கேள்வி என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஆனி முடியும் நேரத்தில் நெறியாளரிடம் அட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "வார்த்தை இருக்கு. பாட்டு எங்க? ராகம் இல்லாம, எதிர்ல ஆள் இல்லாம இதெல்லாம் காஞ்ச இலை. ஒரு தடவையாவது பாடிப் பதிவு பண்ணிண்டு வா. ஆகஸ்டுக்குள்ள வந்தாத்தான் நான் மேல அனுப்ப முடியும்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் ஆற்காடு தாண்டும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சம்பந்தி இருந்தால்தான் பாடுவார் என்றால், சம்பந்தியை அழைத்துக்கொண்டு போய்விட்டால் என்ன?

அந்த அம்மாளிடம் சொன்னேன். ராட்டை நின்றது. அந்த வீட்டில் அது நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உங்கம்மா வருவாங்களா?"

"வருவாங்க. சித்தியும் வருவாங்க."

"வெறுங்கையோட வந்தவங்கள ஏசக் கூடாது. தட்டு கொண்டாரணும். நாங்களும் தட்டு வெப்போம். மாத்திக்கினு அப்பறந்தான் பாட்டு. மணையில ரெண்டு பேரு ஒக்காரணும். அதுக்கு யாரு?"

"நானே உட்கார்ந்துக்கறேன்" என்றேன். பெண்ணாக யார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவள் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அந்த அம்மாள் தலையாட்டி மறுத்தார். "ஆடி பொறக்கப் போவுது. பொய்யாவே செஞ்சாலும் ஆடியில தட்டு மாத்த வாணாம் தம்பி. ஆவணி பொறக்கட்டும்." எனக்கு எரிச்சலாக இருந்தது. நெறியாளர் வைத்த கெடு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பேஜாரு பிடித்த சம்பிரதாயம் என்று மனசுக்குள் திட்டினேன். சடங்குகளைப் பற்றி அலமாரி அலமாரியாகப் படித்தவன்; பொய்க்கு நல்ல மாதம் கெட்ட மாதம் கிடையாது என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. நாள் பார்க்கிறார் என்றால் அவர் மனசில் அது பொய் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

இல்லை, இப்படி எழுதுவதும் ஒரு தப்பித்தல்தான். எனக்கும் உள்ளுக்குள் புரிந்துதான் இருந்தது. மணையில் உட்கார என் தம்பி முறையில் இரண்டு பேர் ஊரில் சும்மா இருந்தார்கள்; அவர்களில் ஒருவனை உட்கார வைத்துவிட்டு, நெறியாளர் சொன்னபடி நான் சுவரோடு நின்றிருக்கலாம். அதை நான் யோசிக்கவே இல்லை. அம்மாவிடம் சொன்னபோது, "பொண்ணா யாரு ஒக்கார்றது?" என்று கேட்டாள். "அந்த வீட்டுப் பொண்ணுதான்" என்றேன். அம்மா என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, தட்டில் வைக்க நல்ல ரவிக்கைத் துணி ஒன்று எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாளில் காலை பத்து மணிக்குப் போனோம். தெருவுக்குள் நுழைந்ததுமே ஏதோ வித்தியாசமாக இருந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் என்னவென்று தெரிந்தது: தறிச் சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். என் பதிவு தெளிவாக வரட்டும் என்று நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து நான் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். ஒரு பெரியவர் என் தோளில் தட்டினார்.

வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பூ, ரவிக்கைத் துணி என்று அம்மா தட்டைக் கொடுத்தாள். அவர்கள் ஒரு தட்டு கொடுத்தார்கள். அதில் வேட்டியும் துண்டும் இருந்தன. மணையில் நானும் அவளும். அவள் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவை கட்டியிருந்தாள். அதை நெய்த மனிதர், அவளுடைய அப்பா, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தனம் பூசினார்கள். "இன்னிக்கு மட்டுமாவது என்ன அத்தன்னு கூப்புடுங்க மாப்ள" என்றார் அந்த அம்மாள். நான் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, "பாடுங்க அத்தை" என்றேன்.

பாடினார். அடேயப்பா. ராட்டையோடு சேர்ந்து முணுமுணுத்த வார்த்தைகளா இவை என்று இருந்தது. என் சித்தியின் மூக்குத்தி, அம்மாவின் குடை, செத்துப்போன என் அப்பாவின் தாலுகா ஆபீஸ் உத்தியோகம், எதுவும் மிச்சமில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

ஆரணி சந்தையிலே ஆட்டுக்கெடா பாக்கப் போயி
மாப்ளய ஓட்டியாந்தோம் மணிகட்ட மறந்துபோனோம்

அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்த அம்மாள் மூச்சு வாங்க நிறுத்தினார். அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மணையில் இருக்கும் பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் பாடுகிற வழக்கம் எங்கும் இல்லை. குனிந்த தலை நிமிராமல் அவள் இரண்டு வரி பாடினாள்:

பொஸ்தகம் படிச்ச மாப்ள பூட்டுத் தொறக்கத் தெரியலியே
எழுத்தெல்லாம் தெரிஞ்ச மாப்ள எதுருல ஆளத் தெரியலியே

தெருவே சிரித்தது. அந்த இரண்டு வரி எந்த ஊர் வழக்கிலும் இல்லை. மற்ற பாட்டுகளை எல்லாம் யார் யாரோ யார் யாருக்கோ பாடியிருக்கிறார்கள். இது என்னைப் பார்த்து, எனக்காகக் கட்டினது. ஆரத்தி எடுத்தார்கள், பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷம் பிறகு பட்டமளிப்பு விழாவில்கூட வரவில்லை.

கேசட்டை எடுத்துக்கொண்டு மறுநாளே சென்னைக்குப் போனேன். நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் மலர்ந்தது. அவளுடைய இரண்டு வரி வந்ததும் கண்ணைத் திறந்தார். "இது யாரு? மாப்பிள்ளை யாரு?" என்றார். சொன்னேன். ஒலிநாடாவை நிறுத்தினார். "இது வேஷம்தானே? நடிச்சுக் காட்டினதுதானே? அப்படின்னா செயற்கைச் சூழல்னு போட்டு எடுத்துக்கலாம். நீ நிஜமாவே மாப்பிள்ளைன்னா, இது ஆராய்ச்சி இல்லைப்பா, உன் கல்யாண ஆல்பம். யாரும் ஒத்துக்க மாட்டா." நடித்ததுதான் சார் என்று சொன்னேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு எளிதாக வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

நான் ஊர் திரும்பிய இரண்டாம் நாள் அவளுடைய பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். தெள்ளாரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அம்மா நாற்காலி போட்டாள்.

"தட்டு மாத்திட்டீங்கன்னு தம்பி சொன்னான். நான் அன்னிக்கு வர முடியல. கார்த்திகைல ஒரு நல்ல நாளு கீது, இல்லன்னா தை. உங்களுக்கு எது சவுகரியம்னு கேட்டுப் போலாம்னு வந்தேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அவரும் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியது 'தை' என்ற ஓர் எழுத்துதான். என் மனசில் அப்போது நெறியாளரின் முகம்தான் இருந்தது. மூன்று வருஷ வேலை, கட்டுக் கட்டாக அட்டைகள், கிடைக்கப்போகிற விரிவுரையாளர் வேலை. முதலில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவோம், ஆறே மாதம், அப்புறம் நானே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆறு மாதத்துக்கு யாரும் தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள் என்று தெரியாத வயதில்லை எனக்கு.

"அது ஆராய்ச்சிக்காகச் செய்ததுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "இல்ல தம்பி, தட்டு மாத்தினாங்களே?"

"தட்டு மாத்தினதும் ஆராய்ச்சிக்குத்தாங்க."

அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொடுத்த தண்ணீரைக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார். "செரிங்க சார்" என்று எழுந்துகொண்டார். அதுவரைக்கும் தம்பி என்றவர். வாசல் வரைக்கும் போய் அம்மாவிடம், "பழத்தக் குழந்தைங்க யாருக்காச்சும் குடுத்துருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா ரொம்ப நேரம் அந்த நாற்காலியை எடுத்து உள்ளே வைக்கவில்லை. "எனக்குச் சம்மதம்தாண்டா. நீயா வாயத் தொறப்பன்னுதான் பாத்துகினு இருந்தேன்" என்றாள்.

"முடிச்சிட்டு அப்புறம் போய்ச் சொல்லிக்கலாம்மா."

"அப்பறம்னா எப்போ?" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

அந்தத் தெருவுக்கு நான் இரண்டு முறை போனேன். முதல் முறை தெருமுனையில் இருந்து திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை வாசல் வரைக்கும் போனேன். தறிச் சத்தம் பழையபடி இருந்தது. அந்த அம்மாள் ராட்டை சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "இன்னாங்க சார், எதுனா பாட்டு பாக்கி கீதா?" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. யாரோ அறிமுகமில்லாத ஆளிடம் கேட்கிற கேள்வி அது. அவள் உள்ளே இருந்தாள். அவளுடைய செருப்பு வாசலில் கிடந்தது. பாக்கி இல்லைங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். உள்ளே கேட்கும்படி உரக்கச் சொல்லியிருக்கலாம். தறிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தையில் அவளுக்கு வந்தவாசிப் பக்கம் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் என்றார்கள். எனக்கு அழைப்பு இல்லை. அதே மாதம் நான் ஆய்வேட்டைக் கொடுத்தேன். அவள் கையெழுத்தில் இருந்த அட்டைகளைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்தார்கள். பின்னிணைப்பில், ஆவணியில் பதிவான பாட்டுகள் அத்தனைக்கும் நேரே செயற்கைச் சூழல் என்று இருந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் அந்தப் பாட்டுகளைக் குறிப்பிட்டு, செயற்கைச் சூழலில் இவ்வளவு உயிரோடு பாட வைத்திருக்கிறீர்களே, எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார். களத்தில் நம்பிக்கையைப் பெற வேண்டும் ஐயா என்று பதில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

வேலை கிடைத்தது. வேறு ஊர்க் கல்லூரியில் சேர்ந்தேன். ஜாதகங்கள் வந்தன, நான் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தள்ளிப் போட்டேன். சாயங்காலம் வகுப்பு முடிந்து அறைக்கு வந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், தோலை ஊத எதிரே ஆள் இல்லை என்பது தெரியும். வெளியே எங்காவது தறிச் சத்தம் கேட்காதா என்று இருக்கும். அந்த ஊரில் தறி கிடையாது.

எண்பதுகளின் நடுவில், என்னோடு வேலை பார்த்த ஆங்கில விரிவுரையாளருக்குச் சந்தவாசலில் பெண் எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வேனில் நானும் போனேன். தாலி கட்டி முடிந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் நலுங்கு வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆண்களை வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் கடைசியிலிருந்து மூன்றாவது; எனக்கு அந்தப் பக்கம் வேன் ஓட்டி வந்த டிரைவர், அவருக்கு அப்பால் மாப்பிள்ளையின் அத்தை பையன். பெண் வீட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். முன்னால் வந்து பாட்டை எடுத்தவளைப் பார்த்தேன். அவள்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை அவளுடைய தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண் அவளுடைய புருஷனுக்கு ஏதோ தங்கை முறையாம்.

அவளுடைய அம்மாவின் குரல் அப்படியே வந்திருந்தது. முதலில் மாப்பிள்ளையின் அப்பா. அவருடைய வழுக்கையில் அப்பளம் காய வைக்கலாம் என்றாள். அடுத்து அண்ணன், சித்தப்பா, மாமன் என்று வரிசையாக ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் அடி எடுத்து வைத்து நின்று இரண்டிரண்டு வரி. ஏச்சு வாங்கியவர் ஒவ்வொருவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துச் சிரித்தார்கள். என்னிடம் நெருங்க நெருங்க நானும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மூக்கையோ, முன்னால் நரைத்துவிட்ட என் தலையையோ, என் படிப்பையோ, எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று இருந்தது. அந்த ஒரு ஏச்சுக்காகத்தான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தேனோ என்றுகூடத் தோன்றியது.

என் முன்னால் வந்து நின்றாள். பாட்டு நின்றது. என்னைத் தெரிந்துகொண்டாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு தட்டோடு நின்ற பெண்ணிடம் திரும்பி, "சாருக்குக் காப்பி குடுத்தீங்களா?" என்று கேட்டாள். மரியாதையான, அடக்கமான குரல். அதைச் சொல்லிவிட்டு அடுத்த அடி எடுத்து வைத்து, டிரைவரின் மீசையைப் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டாள். மீசையில் வேன் ஓட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று பாட, பந்தலே அதிர்ந்தது.

காப்பி வந்தது. குடித்தேன். டிரைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, "இன்னா சார், வண்டி ஓட்டியாந்த என்னயே உடல, உங்கள மட்டும் உட்டுட்டாங்க?" என்றார்.

"என்னை ஏசக் கூடாதுப்பா. நான் அவங்களுக்குச் சொந்தமில்லை" என்றேன்.